கோட்டின் கழுத்தில் இருந்த பெயர்

ஒவ்வொரு தீபாவளிக்கும் இருபது நாள் இருக்கும்போது பாப்பம்மாள் ரங்கூனின் ஒரு மூலையில் இருக்கும் தின்கன்ஜூனிலிருந்து பஸ் ஏறி இன்னொரு மூலையில் இருக்கும் தாகேதாவுக்கு வந்துவிடுவாள். கையில் துணிப்பை, பைக்குள் இரண்டரை கஜம் சட்டைத் துணி. ஹுஸ்னாவின் தையல் கடைப் பலகையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஊரில் இல்லாத மகனுக்கு அளவு சொல்லத் தொடங்குவாள்.

"இடுப்புல ஒரு இஞ்ச் கூட்டி வையி ஹுஸ்னா. முப்பது ஆயிருச்சுல்ல, லேசா தொப்பை விழுந்திருக்கும். அவங்க அப்பாவுக்கும் அந்த வயசுலதான் விழுந்துச்சு."

சரி அக்கா என்று ஹுஸ்னா நோட்டில் குறித்துக்கொள்வாள். அந்த மகன் ரமணன் செத்து மண்ணுக்குள் போய் அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. செத்தவன் அவன்தான் என்பது ரங்கூனில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி ஹுஸ்னா.

எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். அவளே தன்னை அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனாலும் முழுக்கக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

கடை போடுவதற்கு முன் ஹுஸ்னா நாடகக் குழுவில் இருந்தாள். மேடை ஏறியவள் இல்லை, மேடைக்குப் பின்னால் உடை அறையைப் பார்த்துக்கொண்டவள். குழுவை நடத்தியவர் வள்ளியப்பன். இளவயதில் கப்பலேறி பிரிட்டனுக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்களில் எட்டு வருஷம் மேடை வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மனிதர். சீமையிலிருந்து வருகிறவர் கைக்கடிகாரம் கொண்டுவருவார், ரேடியோ கொண்டுவருவார் என்று வீட்டில் காத்திருந்தார்கள். அவர் சட்டதிட்டங்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஆட்டம் தொடங்க முப்பத்தைந்து நிமிடம் இருக்கையில் ஒருவன் 'அரை மணி' என்று கதவு கதவாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். அரை மணிக்கு ஏன் முப்பத்தைந்து நிமிடம் என்று கேட்டால், அங்கே அப்படித்தான் என்பார். கொட்டகைக்குள் யாரும் விசில் அடிக்கக் கூடாது. மேடை உடுப்பு எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு உடுப்பிலும் கழுத்துக்கு உள்பக்கம் நடிகனின் பெயர்ப்பட்டி தைத்திருக்க வேண்டும். பெரிய வேஷம் எதுவானாலும் அதற்கு ஒரு மாற்றாள் உண்டு. வேஷக்காரன் படுத்துவிட்டால் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு மாற்றாள் ஏறுவான். அவன் பெயர்ப்பட்டியும் முதல் பட்டிக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

மற்ற நாடகக்காரர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார்கள். ஹுஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்கும் ஒழுங்கு இல்லாத ஊரில் ஒரு அறைக்குள்ளாவது ஒழுங்கு இருக்கிறதே என்று அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

எண்பத்தெட்டில் ஒத்திகை நடந்த பர்மிய நாடகத்தில் பள்ளி வாத்தியார் வேஷம் பாசிலுக்கு. தாகேதாவில் ஹுஸ்னா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, மதீனா பீவியின் ஒரே மகன். வாத்தியாருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு. கழுத்துப் பட்டைக்குள் பாசிலின் பெயரைப் பர்மிய எழுத்தில் சிவப்பு நூலால் எழுதி, குழுவின் பெயரையும் எழுதி, மக்காத நைலான் நூல் போட்டுத் தைத்திருந்தாள். பாசிலுக்கு மாற்றாள் ரமணன். அம்மா தமிழ், அப்பா பர்மியர். அம்மா தின்கன்ஜூனில் காலையில் மொஹிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், விற்பாள். அவனுக்கு இருபத்திரண்டு வயது, எந்நேரமும் வாய்க்குள் ஒரு முணுமுணுப்புப் பாட்டு. அவனுடைய பட்டியையும் ஹுஸ்னா எழுதி முடித்துவிட்டாள். தைக்கத்தான் இல்லை. பாசில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான், அவனாவது படுப்பதாவது, மாற்றாள் ஏறப்போகிறானாக்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டியை ஊசிப்பெட்டியில் போட்டு மூடினாள்.

ஆகஸ்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர் எழுந்தது. பாசில் துண்டுப் பிரசுரம் எழுதி மாட்டிக்கொண்டான். உளவுப் பிரிவு தேடுகிறது என்றார்கள். இரண்டு நாளாக ஆளைக் காணோம். வள்ளியப்பன் அசரவில்லை. ஆள் வராவிட்டால் மாற்றாள், அதற்குத்தானே வைத்திருக்கிறோம் என்று ரமணனுக்குக் கோட்டு மாட்டி நிறுத்தினார். இரண்டாம் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது தெருவில் ஊர்வலச் சத்தம் கேட்டது. ஒத்திகை அப்படியே கலைந்தது. வெளியே நல்ல மழை. ரமணன் கோட்டோடு வாசலுக்கு ஓடினான்.

"ரமணா, கோட்ட கழட்டி வச்சிட்டுப் போடா," என்றாள் ஹுஸ்னா.

"மழை அக்கா. நாளைக்குக் கொண்டாந்துர்றேன்."

எட்டிப் பிடித்திருக்கலாம். ஒரு எட்டு தூரம்தான். அவன் சட்டை மெல்லிசு, முந்தின நாள்தான் இருமிக்கொண்டிருந்தான். "சரி, நனையாம போ," என்று அவளே சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் பகல் ஒரு ஆஸ்பத்திரி ஆள் கொட்டகைக்கு வந்தான். கோட்டில் குழுவின் பெயர் இருந்ததால் தேடி வந்திருக்கிறான். பாசில் என்று ஒரு பையன், நெஞ்சில் குண்டு, வீட்டாரை வரச் சொல்லுங்கள் என்றான். ஹுஸ்னாவுக்குக் கோட்டு என்ற சொல் காதில் ஏறவே இல்லை. பாசில் என்ற பெயர் மட்டும் ஏறியது. தாகேதாவுக்கு ஓடி மதீனா பீவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் சாதாரண உடுப்பில் ஒருவர், கையில் தேடப்படுகிறவர்களின் பெயர்ப்பட்டியல். ஊழியன் துணியை விலக்கினான். ரமணன் கிடந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை, தூங்குகிறவன் முகம். இவன் இல்லை என்று சொல்ல ஹுஸ்னா வாயைத் திறந்தாள். அதற்குள் மதீனா பீவி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நகம் பதிந்து ரத்தம் கசிகிற பிடி.

பட்டியல்காரர் பர்மியத்தில் கேட்டார். "இது உன் மகன் பாசில்தானா?"

மதீனா பீவி அந்த முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று ஹுஸ்னாவுக்குக் கடைசிவரை சொல்லத் தெரியவில்லை. பிறகு, "என் புள்ளதான்," என்று தரையில் விழுந்து கதறினாள். பட்டியல்காரர் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். செத்தவனை யாரும் தேடுவதில்லை.

மய்யித்தைக் குளிப்பாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும், இது முஸ்லிம் பிள்ளை இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். படிக்காத மதீனா பீவி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அநியாயமாகச் சுட்டுக் கொன்ற பிள்ளை, ஷஹீது, ஷஹீதை உடுத்திய உடுப்போடு அப்படியே அடக்குவதுதான் முறை என்று வாசலில் நின்று அடம் பிடித்தாள். முகத்தை மூடிய துணியையும் யாரையும் விலக்க விடவில்லை. இருட்டினால் ஊரடங்கு, தெருவில் ராணுவ லாரிகள், யாருக்கும் வாதாட நேரம் இல்லை. ஜனாஸா தொழுகை முடித்து, கோட்டோடு கபரில் இறக்கினார்கள்.

பாசில் தான் செத்துப்போன செய்தியைப் பத்து நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டான். கியாக்தானில் ஒரு மீன்காரர் வீட்டில் வலைக்கு நடுவே ஒளிந்திருந்தவனுக்கு உம்மா ஆள் விட்டுச் சொன்னாள்: நீ மவுத்தாகிவிட்டாய், ஓடிப் போ. ஏன், எப்படி என்று சொல்லவில்லை. அவன் படகேறி, காடேறி, எல்லை கடந்து, சில வருஷம் முகாம்களில் கிடந்து, கடைசியில் பிரிட்டன் போய்ச் சேர்ந்தான்.

பாப்பம்மாள் மூன்றாம் நாளே கொட்டகைக்கு வந்துவிட்டாள். தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னத்தில் கண்ணீர்க் கோடு எதுவும் இல்லை. "ரமணன் இங்கிட்டு வந்தானா?" என்று கேட்டாள். "வரலை அக்கா," என்றாள் ஹுஸ்னா. அது பொய்யும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவன், பையன்கள் கூட்டம் கூட்டமாக எல்லைக் காட்டுக்குப் போகிறார்கள், அவனும் போயிருப்பான் என்றான். பாப்பம்மாள் ஹுஸ்னாவைப் பார்த்தாள். "அப்படித்தான் சொல்றாங்க அக்கா," என்றாள் ஹுஸ்னா. முழுப் பொய் அதுதான்.

ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த வாரம் உளவுப் பிரிவு மதீனா பீவி வீட்டுக்கு வந்து கபர் எங்கே என்று விசாரித்துவிட்டுப் போனது. சொன்னால் பாப்பம்மாள் அழுவாள். அழுதால் தெரு கேட்கும். தெருவில் கேட்கக் கூடாத காது ஒன்று எப்போதும் இருக்கும். கபரைத் தோண்டுவார்கள், மதீனா பீவியை இழுத்துப் போவார்கள், அடுத்து இவளை. அந்தப் பயம் நிஜமான பயம். அதைச் சாக்காக வைத்துக்கொண்டாள் என்பதும் நிஜம்.

வள்ளியப்பன் படுக்கையில் விழுந்து அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். குழு கலைந்தது. ஹுஸ்னா வீட்டு முன்கூடத்தில் தையல் மெஷினைப் போட்டாள். எண்பத்தொன்பது தீபாவளிக்குப் பாப்பம்மாள் முதல் துணியோடு வந்தாள். "திடுதிப்புன்னு வந்து நின்னான்னா போட்டுக்க நல்ல சட்டை வேணும்ல. அவன் அளவு உங்கிட்டத்தான் இருக்கு."

அளவு இருந்தது. நாடகத்துக்கு எடுத்த அளவு, நோட்டில் அவள் கையெழுத்தில். அன்று துணியை விரித்து, கழுத்து வெட்ட அளவு நாடாவை வளைத்து வைத்தாள். நாடா லேசாக ஏறி இறங்கியது, மூச்சு விடும் கழுத்தில் வைத்தது போல. கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். துணி சும்மா கிடந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி ஏறி இறங்கியது. அவள் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. உடை அறையில் தனியாகப் பதினோரு வருஷம் இருந்தவள், ஆணியில் தொங்குகிற உடுப்பெல்லாம் ஆள் போலத் தெரிவதைப் பார்த்துப் பழகியவள். ஆனாலும் அன்றையிலிருந்து ரமணன் சட்டைக்கு மட்டும் கழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் வெட்டினாள். தைக்கும்போது மெஷின் சத்தத்துக்கு அடியில் அந்த முணுமுணுப்புப் பாட்டு ஓடும். காலை எடுத்தால் நின்றுவிடும். மண்ணுக்குள் இருக்கிற அந்தக் கோட்டை நினைத்துக்கொள்வாள். துணி மக்கியிருக்கும். அவள் போட்ட நைலான் தையல் அப்படியே இருக்கும், இன்னொருவன் பெயரைப் பிடித்துக்கொண்டு.

தொண்ணூற்று மூன்றில் பாசிலின் முதல் கடிதம் ஒரு கப்பல்காரர் கையில் வந்தது. செத்தவன் சொந்தப் பெயரில் எழுத முடியாதே, ஆசிக் என்று கையெழுத்து போட்டிருந்தான். மதீனா பீவிக்குப் படிக்கத் தெரியாது, ஹுஸ்னாதான் படித்துக் காட்டுவாள். அவனுக்கு அங்கே ஒரு நாடகக் கொட்டகையில் வேலை கிடைத்திருந்தது. நடிகனாக இல்லை. நடிகர்களுக்கு உடுப்பு மாட்டிவிடுகிற வேலை. 'அக்கா, உங்க வேலைதான் இப்ப என் வேலை' என்று எழுதியிருந்தான். வாரத்துக்கு எட்டு ஆட்டம், அதில் இரண்டு பகல் ஆட்டம். மேடை ஓரத்து இருட்டில் வாயில் சின்ன டார்ச்சைக் கவ்விக்கொண்டு நாற்பது வினாடியில் ஒரு அம்மாவை ராணியிலிருந்து பிச்சைக்காரி ஆக்க வேண்டும். ஊர் ஊராகப் போகும் குழுவில் சேர்ந்தால் சனிக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கழியும், திங்கட்கிழமை வேறு ஊர், வேறு வீட்டு மாடியில் குளிர்ந்த அறை. அங்கேயும் அரை மணி என்றால் முப்பத்தைந்து நிமிடம்தானாம். தினமும் துவைக்க முடியாத உடுப்பில் வியர்வை நாற்றம் போக அக்குளில் வோட்கா தெளிப்பார்களாம். அந்த வரியை ஹுஸ்னா வாசிக்காமல் தாண்டிவிட்டாள். தன் பிள்ளை சாராயப் புட்டியைக் கையில் பிடிக்கிறான் என்று தெரிந்தால் கிழவி அன்று சோறு தின்ன மாட்டாள்.

தொண்ணூற்றாறில் வந்த கடிதத்தை அப்படித் தாண்ட முடியவில்லை. 'நேத்து ஒரு மாற்றாள் முதல் தடவை மேடை ஏறினான். மத்தியானம் மூணு மணிக்குத்தான் அவனுக்குச் சொன்னாங்க. நான்தான் கோட்டு மாட்டிவிட்டேன். முடிஞ்சதும் எல்லாரும் வரிசையா நின்னு கை தட்டுனாங்க. ரமணன் ஞாபகம் வந்துச்சு அக்கா. எப்படி இருக்கான்? இன்னும் நாடகம் போடுறானா?'

வாய் பழக்கத்தில் கடைசி வரி வரை படித்துவிட்டாள்.

"யாரு ரமணன்?" என்றாள் மதீனா பீவி.

ஹுஸ்னா கடிதத்தை மடித்தாள். "நம்ம கபர்ல இருக்கற புள்ள, மாமி."

"ரமணன்," என்று மதீனா பீவி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "எட்டு வருஷமா பேர் தெரியாம துஆ கேட்டுக்கிட்டு இருந்தேன். உம்மா இருக்காளா?"

"இருக்காங்க. வருஷா வருஷம் எங்கிட்ட அவனுக்குச் சட்டை தைக்கக் குடுக்கறாங்க."

அதைக் கேட்டதும் மதீனா பீவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுது முடித்துவிட்டு, "நான் மவுத்தாகற வரைக்கும் சொல்லாதே புள்ளே," என்றாள். "அவ மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. நான் போனப்புறம் சொல்லிரு. கண்டிப்பா சொல்லிரு." பாசிலுக்கு ஹுஸ்னா, ரமணன் நன்றாக இருக்கிறான் என்று பதில் எழுதினாள். எழுதிவிட்டு அன்று சாப்பிடவில்லை.

மதீனா பீவி இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் நோன்பு மாதத்தில் போனாள். கடைசி இரண்டு நாள் அவள் வாயில் வந்தது இரண்டே பெயர். ஒன்று மகன் பெயர். இன்னொன்றைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹுஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

இனிச் சாக்கு இல்லை. பாசிலை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, அவன் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டான். மதீனா பீவி கணக்கு அல்லாவிடம் போய்விட்டது. சொல்லிவிட்டால் அந்தத் தாய்க்கு ஒரு முடிவு கிடைக்கும், காத்திருப்பது தீரும் என்று ஹுஸ்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அவள் நம்பவும் செய்தாள்.

செப்டம்பர் கடைசியில், வழக்கம்போல, பாப்பம்மாள் வந்தாள். அறுபத்தாறு வயது, பஸ் படியில் ஏற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொண்டே பலகையில் உட்கார்ந்தாள். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட துணியை எடுத்து மடியில் விரித்தாள்.

"இந்த வருஷம் தைக்க மாட்டேன் அக்கா," என்றாள் ஹுஸ்னா.

"ஏன், கண்ணு தெரியலயா உனக்கு?"

"கண்ணு தெரியுது."

ஹுஸ்னா கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். கோட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். தைக்காமல் விட்ட பட்டியைச் சொன்னாள், நனையாம போ என்று தான் சொன்னதைச் சொன்னாள், தாழ்வாரத்தைச் சொன்னாள், கபர் இருக்கிற இடத்தைச் சொன்னாள். எதையும் மெழுகவில்லை. அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

பாப்பம்மாள் அடிக்கவில்லை. "முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு அக்கா. தூங்குற மாதிரி."

"அந்த அம்மா அழுதாங்களா?"

"அழுதாங்க. முதல்ல நடிச்சாங்களோ என்னமோ எனக்குத் தெரியாது. மய்யித்த தூக்குறப்ப அழுதது நடிப்பு இல்ல. சாகுறப்பவும் அவன் பேரச் சொன்னாங்க."

பாப்பம்மாள் துணியை நான்காக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "நான் ஒரு நாள்கூட அழுவல ஹுஸ்னா. நான் அழுதா அவனுக்கு ஆகாதுன்னு இருபத்தோரு வருஷம் அடக்கி வச்சிருந்தேன். அவன் எங்கயோ இருக்கான், கல்யாணம் கட்டியிருப்பான், புள்ளைங்க பள்ளிக்கூடம் போகும்னு ஒவ்வொரு வருஷமும் அவனுக்கு வயசக் கூட்டிக்கிட்டே வந்தேன்."

"தெரியும் அக்கா."

"உனக்குத் தெரியாது. சொல்லிட்டே, உன் பாரம் இறங்கிருச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "நேத்து வரைக்கும் எனக்கு நாப்பத்து மூணு வயசுல ஒரு மகன் இருந்தான். இன்னிக்குக் காலைல கூட இருந்தான், பஸ்ல அவங்கூடப் பேசிக்கிட்டேதான் வந்தேன். இப்ப நீ இருபத்திரெண்டு வயசுப் பொணத்த என் மடியில போட்டுட்டே."

வெளியே தாகேதா பஸ் ஒன்று ஆள் கூவிக்கொண்டு நின்றது, பிறகு போய்விட்டது. பாப்பம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"வா," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "அவன எங்க வச்சிருக்கீங்கன்னு காட்டு. நான் இனிமேத்தான் அழ ஆரம்பிக்கணும்."